சுகாதார அதிகாரியின் மழைக் குறிப்பேடு

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு பற்றியெல்லாம் இம்முகாமில் நிறையக் கேட்டுவிட்டீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. அதை எழுதியவர் உழவரும் அல்லர். வானிலை நிபுணரும் அல்லர். அவர் ஒரு மருத்துவர். எழுதிய இடம் இங்கிலாந்து. எழுதிய காலம் விக்டோரியா மகாராணி ஆண்ட காலம், அதாவது 1837 முதல் 1901 வரை உள்ள காலம்.

அந்த மருத்துவரின் நோட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முன் நான் உங்களை ஒன்று கேட்கிறேன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் உங்கள் வயலில் எத்தனை நாள் மழை பெய்தது? எத்தனை மில்லிமீட்டர் பெய்தது? "நல்ல மழை" என்பீர்கள். "இரண்டு உழவு மழை" என்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு எப்படி என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பீர்கள். மழையை நம்பித்தான் நம் பிழைப்பே நடக்கிறது. ஆனால் அந்த மழைக்கு நம் வீட்டில் கணக்கு இல்லை. பால் கணக்கு உண்டு, கூலிக் கணக்கு உண்டு, கடைக் கணக்கும் உண்டு. மழைக் கணக்கு மட்டும் இல்லை. அந்த மருத்துவர் அதை வைத்திருந்தார். வைத்திருந்ததால் என்ன விளைந்தது என்பதே இன்றைய பேச்சு.

மருத்துவருக்கு மழைமானி எதற்கு?

அக்காலத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகின. ஊர்கள் வீங்கின. சாக்கடை இல்லை, நல்ல குடிநீர் இல்லை. காலராவும் குடற்காய்ச்சலும் மக்களை வாரிக்கொண்டு போயின. எனவே, ஊர் மக்களின் நலத்தைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து மருத்துவர்களை நியமிக்கத் தொடங்கினார்கள். முதன்முதலாக லிவர்பூல் நகரில் 1847-ல் டங்கன் என்பவர் பதவியேற்றார். மறு ஆண்டு லண்டன் நகருக்கு ஜான் சைமன் வந்தார். 1872-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, நகரமாயினும் நாட்டுப்புறமாயினும் எல்லா வட்டாரங்களிலும் ஒரு சுகாதார அதிகாரி இருந்தாகவேண்டும் என்று ஆயிற்று.

இந்த அதிகாரிகள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை எழுதுவது வழக்கம். எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, எந்த நோயால் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதே அதன் முக்கியச் செய்தி. அந்த அட்டவணைகளோடு பல அறிக்கைகளில் இன்னோர் அட்டவணையும் இருக்கும். அது அவ்வூரின் வானிலை. மாதத்துக்கு மாதம் சராசரி வெப்பம் என்ன, மிகக் கூடிய வெப்பம் என்ன, மிகக் குறைந்த வெப்பம் என்ன, எத்தனை நாள் மழை, எத்தனை அங்குலம், காற்று எத்திசை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள்.

ஏன் எழுதினார்கள்? அழுகல் நாற்றம் கலந்த கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்களில் பலர் நம்பினார்கள். கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. காற்றுதான் காரணம் என்றால் காற்றை அளக்கவேண்டும் அல்லவா? ஆகவே வெப்பமானி, மழைமானி, காற்றழுத்தமானி எல்லாம் வாங்கி வைத்தார்கள். சிலர் காற்றில் உள்ள ஓசோனை அளப்பதாகக் கருதி, மாவுக் கஞ்சியும் அயோடின் உப்பும் தோய்த்த காகிதத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீலமாக மாறுகிறது என்று குறித்துவந்தார்கள். ஈரக்காற்று பட்டாலே அக்காகிதத்தின் நிறம் வேறுபட்டுவிடும் என்பதால் அந்தக் கணக்கு நம்பத்தக்கதாக அமையவில்லை. ஆனால் மழைக் கணக்கும் வெப்பக் கணக்கும் வீண்போகவில்லை.

அளக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு வந்தது. சைமன்ஸ் என்பவர் 1860 முதல் நாடெங்கும் மழை அளப்பவர்களை ஒன்று சேர்த்தார். பாதிரியார்கள், மருத்துவர்கள், நிலக்கிழார்கள், பெண்கள் எனப் பலரும் ஊதியம் எதுவும் பெறாமல் இதில் சேர்ந்தார்கள். முதலில் 168 இடங்கள். அவர் 1900-ல் மறையும்போது 3,000-க்கும் மேல். மழைமானியின் வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கவேண்டும், மரமும் சுவரும் மறைக்கக்கூடாது, காலை 9 மணிக்கு அளக்கவேண்டும் என்பன போன்ற விதிகள் ஏற்பட்டன. எல்லோரும் ஒரே விதமாக அளந்தால்தான் ஓர் ஊரின் மழையை இன்னோர் ஊரின் மழையோடு ஒப்பிட முடியும்.

1879-ஆம் ஆண்டின் பக்கம்

இப்போது 1879-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து உழவர்களால் மறக்க முடியாத ஆண்டு அது. நடு இங்கிலாந்தின் வெப்பக் கணக்கு 1659 முதல் இருக்கிறது. அதன்படி, 1740-க்குப் பிறகு இன்றுவரை 1879 போலக் குளிர்ந்த ஆண்டு வேறு இல்லை. ஆண்டின் சராசரி வெப்பம் 7.4 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருந்தது. குளிர் காலம் நீண்டது. வசந்தம் வரவில்லை. கோடை வந்தது, ஆனால் வெயில் வரவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களும் மழை மழை என்று கொட்டித் தீர்த்தது.

அந்த நாட்டில் கோதுமை முற்றுவதற்குக் கோடை வெயில் வேண்டும். வெயில் இல்லாததால் மணி பிடிக்கவில்லை. பல இடங்களில் அக்டோபர் வந்தும் கதிர் பச்சையாகவே நின்றது. அறுத்துப் போட்ட வைக்கோற்புல் வயலிலேயே அழுகியது. கோதுமை விளைச்சல் வழக்கத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறைந்தால் விலையாவது ஏறும் என்பார்கள். அதுவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியதால் விலை ஏறவில்லை. உழவர்கள் குத்தகை கட்ட முடியாமல் தவித்தார்கள். வேளாண்மையின் நிலையை ஆராய அரசு அந்த ஆண்டே ஓர் ஆணையத்தை அமைத்தது என்றால் நிலைமையை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதே ஆண்டுக்குரிய சுகாதாரக் கணக்கைப் பாருங்கள். அக்கால இங்கிலாந்தில் கோடை வந்தால் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் கூட்டம் கூட்டமாக மடிவது வழக்கம். ஜூலை முதல் செப்டம்பர் வரை தாய்மார்களுக்கு அச்சமான காலம். ஆனால் 1879-ன் கோடையில் அந்தச் சாவு மிகவும் குறைந்துவிட்டது. மறு ஆண்டு, 1880-ல் கோடையின் கடைசியில் வெப்பம் கூடியது. சாவும் மறுபடி கூடியது.

பெருமக்களே, இதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். மழை பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று நாம் சொல்கிறோம். ஒரே மழை, ஒரே குளிர். அது உழவன் வீட்டுக் களஞ்சியத்தைக் காலியாக்கியது. தொழிலாளி வீட்டுத் தொட்டிலைக் காப்பாற்றியது. வயலை மட்டும் பார்த்தவனுக்கு அது சாபம். தொட்டிலை மட்டும் பார்த்தவளுக்கு அது வரம். இரண்டும் ஒரே வானிலையின் வேலை என்பதை, வானிலையையும் இறப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தவர்கள்தான் காண முடிந்தது.

ஆட்டு மந்தைக்கு வந்த கேடு

அந்த ஈர ஆண்டு இன்னொரு கேட்டையும் விட்டுச்சென்றது. 1879-க்கும் 1881-க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 30 லட்சம் செம்மறியாடுகள் ஈரல் நோயால் மாண்டன. ஈரமான புல்வெளியில் மேய்த்தால் இந்நோய் வரும் என்பதை இடையர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். செத்த ஆட்டின் ஈரலில் தட்டைப்புழு இருப்பதையும் பார்த்திருந்தார்கள். ஆனால் ஈரத்துக்கும் புழுவுக்கும் என்ன உறவு என்பது விளங்கவில்லை.

அரச வேளாண்மைக் கழகம் இதைக் கண்டறியும் பொறுப்பை ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த தாமஸ் என்ற இளைஞரிடம் 1880-ல் ஒப்படைத்தது. புழுவின் முட்டை ஆட்டுச் சாணத்தோடு வெளிவந்து, நீரில் பொரித்து, ஒரு சிறு நத்தையின் உடலில் புகுந்து வளர்கிறது. பின் நத்தையை விட்டு வெளியேறிப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. அப்புல்லைத் தின்னும் ஆட்டின் ஈரலை அடைகிறது. இதை அவர் விளக்கினார். அதே காலத்தில் ஜெர்மனியில் லாய்க்கார்ட் என்பவரும் இதையே கண்டார். ஆராய்ச்சிக்குப் போதிய நத்தை கிடைக்காமல் தாமஸ் தவித்திருந்தபோது, 1882-ல் ஆற்றில் வந்த வெள்ளம் புல்வெளியில் நத்தைகளைக் கொண்டுவந்து குவித்தது. நோயைப் பரப்பும் வெள்ளமே நோயின் இரகசியத்தையும் கையில் கொடுத்தது எனலாம்.

நம் நாட்டு ஆடு மாடுகளையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தட்டைப்புழு தாக்குகிறது. இங்கும் நத்தைதான் இடைத்தரகர். எனவே நீர் தேங்கிய இடங்களிலும் குளக்கரைச் சேற்றிலும் மேய்ப்பதைத் தவிர்க்கச் சொல்வதும், கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி குடற்புழு, ஈரற்புழு மருந்து கொடுக்கச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். எந்த மாதத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று எழுதி வைத்திருப்பவர், எப்போது மருந்து கொடுக்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே உணர்ந்துகொள்ளலாம்.

மண்ணுக்குள் வைத்த வெப்பமானி

மீண்டும் மருத்துவரிடம் வருவோம். எட்வர்ட் பாலார்ட் என்பவர் லண்டனைச் சேர்ந்த இஸ்லிங்டன் பகுதியில் 1856 முதல் 1871 வரை சுகாதார அதிகாரியாக இருந்தவர். 1870-ல் அங்கே பரவிய குடற்காய்ச்சல் ஒரு பால் பண்ணையிலிருந்து வந்த பால் வழியாகப் பரவியது என்று வீடு வீடாகச் சென்று கண்டுபிடித்தவர் அவர்தான். பிறகு அரசின் ஆய்வாளரானார். கோடை வயிற்றுப்போக்கின் காரணத்தைக் கண்டறியும் வேலை அவருக்கு வந்தது.

அவர் பல ஊர்களின் வானிலைக் கணக்கையும் இறப்புக் கணக்கையும் வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார். காற்றின் வெப்பத்தோடு ஒப்பிட்டார், சரியாகப் பொருந்தவில்லை. ஓரடி ஆழத்தில் மண்ணின் வெப்பத்தோடு ஒப்பிட்டார், அதுவும் பொருந்தவில்லை. நாலடி ஆழத்தில் வைத்த வெப்பமானியோடு ஒப்பிட்டபோது கணக்கு பொருந்தியது. வெளியில் எவ்வளவு வெயில் அடித்தாலும், நாலடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 56 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 13 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும் வரை கோடைச் சாவு ஏறத் தொடங்குவதில்லை. இந்த முடிவு 1889-ல் வெளிவந்தது.

சரி, காரணம் என்ன? மண்ணின் மேற்பகுதியில் வாழும் ஏதோ ஒரு நுண்ணுயிர் மண் சூடேறியதும் பெருகி வெளிவருகிறது என்று பாலார்ட் கருதினார். இந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் அவர் கண்ட பொருத்தம் பொய்யல்ல. நாலடி ஆழத்து மண் ஒரு நாள் வெயிலுக்குச் சூடேறாது. வாரக்கணக்கில் வெயில் தொடர்ந்தால்தான் அங்கே சூடு போய்ச் சேரும். அந்த வாரக்கணக்கான வெயிலில் வேறொன்றும் பெருகிக்கொண்டிருந்தது. அதுதான் ஈ.

அக்கால நகரங்களில் வண்டி இழுத்தவை குதிரைகள். தெருவெங்கும் இலாயம், இலாயத்தின் பின்னால் சாணக் குவியல். சாணத்தில் ஈ முட்டையிட்டு, தலைமுறைமேல் தலைமுறையாகப் பெருக வெயில் தொடர்ந்து இருக்கவேண்டும். ஈ மலத்தில் உட்கார்ந்து, பிறகு பால் பாத்திரத்தில் உட்கார்ந்தது. மான்செஸ்டர் நகரின் சுகாதார அதிகாரி நிவன் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈப்பொறி வைத்து, சிக்கிய ஈக்களை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் குழந்தைச் சாவோடு ஒப்பிட்டுக் காட்டினார். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் பெரிதும் தப்பின என்பதையும் சுகாதார அதிகாரிகள் பலர் கண்டார்கள். ஈ ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கெட்டுப்போன பாலும், கழிவு அகற்றும் வசதி இல்லாமையும் சேர்ந்தே கொன்றன. கழிவு நீர் வசதி வந்து, நல்ல பால் கிடைத்து, குதிரை போய் மோட்டார் வண்டி வந்தபின் அந்தக் கோடைச் சாவு படிப்படியாக மறைந்தது. எருக்குழியை வீட்டை விட்டுத் தள்ளி அமைத்து, சாணத்தை மண் போட்டு மூடி வையுங்கள் என்று உங்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

மருத்துவர் மண்ணுக்குள் வைத்த அந்த வெப்பமானியை நீங்கள் பார்க்க விரும்பினால், வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் உள்ள வானிலைக் கூடத்துக்கு வாருங்கள். அங்கே 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழங்களில் மண்ணின் வெப்பத்தை நாள்தோறும் அளந்துவருகிறார்கள். விதை முளைப்பதற்கும் வேர் வளர்வதற்கும் அந்த அளவு தேவைப்படுகிறது.

விளக்கம் போகும், கணக்கு நிற்கும்

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த மருத்துவர்களில் பலர் நம்பிய கெட்ட காற்றுக் கொள்கை போய்விட்டது. ஓசோன் காகிதம் போய்விட்டது. பாலார்டின் மண் நுண்ணுயிரும் போய்விட்டது. ஆனால் அவர்கள் நாள் தவறாமல் எழுதிய எண்கள் போகவில்லை. தன் கொள்கைக்குச் சாதகமாக எண்களைத் திருத்தி எழுதியிருந்தால், பின்னால் வந்தவர்களுக்கு அவற்றால் ஒரு பயனும் இருந்திராது. கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

இதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் பழைய மழைக் கணக்குத் தாள்கள் ஏறத்தாழ 65,000 ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 2020-ல் கொரோனாவால் மக்கள் வீட்டில் அடைபட்டிருந்தபோது, ரெடிங் பல்கலைக்கழகத்தார் அத்தாள்களின் படங்களைக் கொடுத்து உதவி கேட்டார்கள். சுமார் 16,000 பேர் முன்வந்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைச் சில வாரங்களில் கணிப்பொறியில் ஏற்றினார்கள். அதன் பயனாக அந்நாட்டின் மழைக் கணக்கு 1836 வரை பின்னோக்கி நீண்டது. அந்தக் கணக்கில் மிக வறண்ட ஆண்டு 1855 என்பதும் தெரியவந்தது. யாரோ ஒருவர் ஒரு காலை வேளையில் நனைந்துகொண்டே போய் அளந்து எழுதிய மழை, 160 ஆண்டுகள் கழித்து வறட்சியைக் கணிப்பதற்குப் பயன்படுகிறது.

நீங்கள் செய்யவேண்டியது

இனி உங்கள் குறிப்பேட்டுக்கு வருவோம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

1. அரசு வானிலைத் துறை பயன்படுத்தும் வகை மழைமானி கிடைத்தால் நல்லது. இல்லையேல், அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள தகர டப்பா போதும். அதில் நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையின் அளவு. வாய் பெரிதா சிறிதா என்பது பற்றிக் கவலை வேண்டாம்.

2. திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில், ஆடு மாடு இடறாதபடி வையுங்கள்.

3. நம் நாட்டில் காலை 8.30 மணிக்கு மழை அளப்பது வழக்கம். நீங்களும் அதே நேரத்தில் அளந்தால் தாலுகா அலுவலகக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். அளக்கத் தவறிய நாளில் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஊகித்து எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல்.

5. அதே வரியில் பக்கத்துக் கட்டத்தில் அன்று கண்டதை எழுதுங்கள். புகையான் தென்பட்டது, குலைநோய் புள்ளி கண்டது, கிணற்றில் நீர்மட்டம் இத்தனை அடி, ஆடு கழிந்தது, கதிர் வெளிவந்தது என்று எதுவானாலும் சரி. காரணம் தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். மருத்துவரின் கணக்குக்கு உயிர் கொடுத்தது அந்தப் பக்கத்துக் கட்டம்தான்.

ஒரு சிறு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் நீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். மோட்டார் போட்டு அவ்வளவு நீர் இறைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நீங்களே அறிவீர்கள். அளவு தெரிந்தால் அடுத்த பாசனத்தைத் தள்ளிப் போடலாமா என்று முடிவு செய்யலாம்.

வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். முதல் ஆண்டுக் கணக்கு பெரிதாக ஒன்றும் சொல்லாது. இரண்டாம் ஆண்டு ஒப்பிட ஆள் கிடைக்கும். பத்தாம் ஆண்டில் அந்த நோட்டு உங்கள் ஊரின் சொத்தாகிவிடும். வேறெந்த ஆராய்ச்சி நிலையத்திலும் இல்லாத, உங்கள் வயலுக்கே உரிய கணக்காக அது இருக்கும்.

நாளைக் காலை 8.30 மணிக்கு மழை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தேதியைப் போட்டு 0 என்று எழுதித் தொடங்குங்கள்.